தலைவர் நாற்காலிக்கு முன்னால் வார்டைப் பிடியுங்கள்

(பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முன்வந்த விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாயத்துத் தேர்தலில் யார் யார் நிற்பது, எப்படி நிற்பது என்று பேசுவதற்காகக் கூடியிருக்கிறோம். வயலிலிருந்து கரையேறி நேரே இங்கு வந்தவர்கள் பாதிப் பேர். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய மில் தொழிலாளத் தோழர்கள் மீதிப் பேர். ஆகவே அலங்காரப் பேச்சுக்கு நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"நம்மில் ஒருவன் தலைவராகிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே நடக்கும்" என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். நடக்காது. தலைவர் நாற்காலி ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு, வார்டுகளைப் பண்ணையார் கையில் விட்டுவிட்டால், நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பஞ்சாயத்து வேறொருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். சில ஊர்களில் அந்த நாற்காலியில் உட்காரவும் விடவில்லை. இது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழம்பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடை கிடைத்தால் போதும், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை போட்டுத் தேர்தல் நடத்திய நாடு இது என்று மார்தட்டுகிறார்கள். கல்வெட்டு இருப்பது வாஸ்தவம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டியது. ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயரைப் போட்டார்கள்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் குடத்துக்குள் இல்லை. நாற்று நட்ட பெண்ணின் பெயரும் இல்லை. பெருமை பேசுகிறவர்கள் கல்வெட்டை முழுக்கப் படித்துக் காட்டட்டும். நாமும் உட்கார்ந்து கேட்போம்.

பிற்காலத்தில் நம் பாட்டன்மார் கண்ட பஞ்சாயத்து எது? தஞ்சை ஜில்லாவில் மிராசுதாரே பஞ்சாயத்து. பண்ணையாள் தலை நிமிர்ந்து பதில் சொன்னால் சாணிப்பால், சவுக்கடி. அதை ஒழித்தது எந்தத் தீர்மானமும் அல்ல. 1940-களில் கூலித் தொழிலாளிகள் சங்கமாகத் திரண்டதுதான். மற்ற ஜில்லாக்களில் கிராம முன்சீபும் கர்ணமும் தலைமுறை தலைமுறையாக ஊரை ஆண்டார்கள். அந்தப் பரம்பரை உத்தியோகங்கள் ஒழிந்தது 1980-இல்தான். நேற்று நடந்தது போலத்தான். இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் முன்சீப் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர்கள்.

எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஜனத்தொகை விகிதப்படி இடம். தலைவர் பதவியிலும் இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. பிறகு 2016-இல் பெண்கள் பங்கைத் தமிழ்நாட்டில் பாதியாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தப் புதிய சட்டப்படி முதல் தேர்தல் 1996-இல் நடந்தது. அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

மேலவளவு சொல்லும் பாடம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் மேலவளவு பஞ்சாயத்து. 1996-இல் அதன் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். சேரியில் வீடுகள் எரிந்தன. தேர்தல் தள்ளிப் போயிற்று. மறுபடி நடந்தபோது கலகம் செய்தார்கள். கடைசியில் அந்த வருஷம் டிசம்பர் முடிவில், போலீஸ் காவலோடு ஓட்டுப் பதிவு நடந்து, முருகேசன் தலைவராக வென்றார். பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கக்கூட அவரை விடவில்லை. 1997 ஜூன் 30-ஆம் நாள், மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக் கொண்டிருந்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மொத்தம் ஆறு பேர் மாண்டார்கள். 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2019 நவம்பரில் பதின்மூன்று பேரை முன்கூட்டியே விடுதலை செய்தார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? தேர்தலில் நின்றார், வென்றார். அவ்வளவுதான்.

அதே மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களிலும் 1996 முதல் பத்து வருஷம் தேர்தல் என்பதே கேலிக்கூத்தாக இருந்தது. ஒன்று, யாரும் மனுப் போட மாட்டார்கள். போட விட மாட்டார்கள். அல்லது தங்கள் நிலத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரை ஊர்ப் பெரியவர்களே நிறுத்துவார்கள். அவர் வென்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். கூலியும் கடனும் அவர்கள் கையில் இருக்கும்போது அந்த ஏழை வேறென்ன செய்வார்? திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவிப்பு, திரும்பத் திரும்ப ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் முறையாகத் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அது வானத்திலிருந்து விழவில்லை. இயக்கங்கள் வருஷக்கணக்காகப் போராடின. சர்க்கார் உறுதி காட்டியது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக இறங்கிப் பேசிற்று. இதே அதிகாரம் 1996-இலும் சர்க்காரிடம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மேலவளவிலிருந்து நான் எடுக்கும் பாடம் பயப்படுவது அல்ல. தனியாக நிற்காதே என்பது. ஒரு மனிதனை எதிரி குறி வைக்கலாம். ஏழு வார்டில் ஏழு வேட்பாளர், ஏழு முன்மொழிபவர், வார்டுக்குப் பத்து ஊழியர் என்று ஒரு ஊரே நிமிர்ந்து நிற்கும்போது குறி வைப்பது அத்தனை சுலபமல்ல.

கையெழுத்து யாரிடம்?

வெட்டரிவாள் எல்லா ஊரிலும் வருவதில்லை. பல ஊர்களில் பேனாவே போதுமானதாக இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவரை ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உபதலைவரை அப்படியல்ல, தேர்தல் முடிந்தபின் உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது ஏதோ மாலை மரியாதைக்கான பதவி என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 1994-ஆம் வருஷச் சட்டம் என்ன சொல்கிறது? பஞ்சாயத்துப் பணத்துக்குக் காசோலை எழுதினால் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பணம் களவு போகாமல் இருக்க ஒரு காவல் என்று சொல்லி வைத்த ஏற்பாடு. நடப்பில் என்ன ஆகிறது? சேரியிலிருந்து வந்த தலைவர் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பழுது பார்க்கக் காசோலை எழுதுகிறார். உபதலைவர், "பார்க்கலாம், நாளைக்கு வா" என்கிறார். நாளைக்கும் "பார்க்கலாம்." மோட்டார் ஓடவில்லை; குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் யார் வீட்டுக்கு வருவார்கள்? தலைவர் வீட்டுக்குத்தான். "இவளை உட்கார வைத்தோம், தண்ணிக்கு வழியில்லை" என்று ஊரே ஏசும். கையெழுத்துப் போடாதவன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான்.

உபதலைவர் இல்லாத சமயத்தில், பஞ்சாயத்துக் கூட்டம் தீர்மானம் போட்டு வேறொரு உறுப்பினருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் கை தூக்க வேண்டியவர்கள் யார்? மறுபடியும் வார்டு உறுப்பினர்கள்! தலைவரைப் பதவியிலிருந்து நீக்கக் கலெக்டர் நடவடிக்கை எடுத்தால், தாசில்தார் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பது யாரிடம்? அதே வார்டு உறுப்பினர்களிடம்தான். ஒன்பது வார்டு உள்ள ஊரில் ஐந்து வார்டு உழைப்பாளிகள் கையில் இருந்தால் உபதலைவர் நம்மவர். காசோலை நகரும், தீர்மானம் நிறைவேறும். எட்டு வார்டைப் பண்ணையார் கோஷ்டிக்கு விட்டுவிட்டுத் தலைவர் பதவியைப் பிடித்தால், ஐந்து வருஷமும் கையெழுத்துக்கு அலைவதே நம் தலைவருக்கு வேலையாகிவிடும்.

இது என் கற்பனையல்ல. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை பஞ்சாயத்தின் படம் பத்திரிகைகளில் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்! படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கும் நடவடிக்கையும். அதே வருஷம் ஆகஸ்டு 15-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவரைச் சுதந்திர தினக் கொடி ஏற்ற விடவில்லை. சில நாள் கழித்துக் கலெக்டர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். கலெக்டர் வந்து நின்றால்தான் கொடிக்கயிறு கைக்கு வரும் என்றால், கலெக்டர் போன மறுநாள் என்ன கதி? அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க ஐந்து உறுப்பினர்கள் வேண்டாமா?

நம் வீட்டு நாற்காலி

பெண்களைப் பற்றிப் பேசும்போது நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் வார்டு என்று அறிவிப்பு வந்தவுடன் மனைவி பெயரில் மனுப் போட்டுவிட்டு, போஸ்டரில் தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் வியாதி பண்ணையார் வீட்டில் மட்டும் இல்லை. கூட்டத்துக்கு மனைவி போவாள், பேசுவது கணவன். சில இடங்களில் மனைவி போவதும் இல்லை. மினிட் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும், அடுப்படியில் கையெழுத்து. வெளியே சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்குள் மிராசுதாராக இருப்பது என்ன நியாயம்? நடவு வேலையில் கூலி பேசத் தெரிந்த பெண்ணுக்குப் பஞ்சாயத்தில் தெரு விளக்கைப் பற்றிப் பேசத் தெரியாதா? அவளுக்கு வேண்டியது ஒரு நாள் கூலி நஷ்டமில்லாமல் கூட்டத்துக்குப் போய் வருவதற்கான ஏற்பாடு. அன்றைக்கு அடுப்பையும் பிள்ளையையும் யார் பார்ப்பது என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள்.

இன்னொரு மயக்கமும் நம்மிடையே இருக்கிறது. பொது வார்டு என்றால் அது மேல்சாதியாருக்கு ஒதுக்கியது என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை. பொது வார்டில் தாழ்த்தப்பட்டவரும் நிற்கலாம், பெண்ணும் நிற்கலாம். ஒதுக்கீடு என்பது குறைந்த பட்சம் இவ்வளவு என்பதே தவிர, இதற்கு மேல் வராதே என்பது அல்ல.

'ஊர் ஒற்றுமை' என்ற வலை

தேர்தல் அறிவிப்பு வந்ததும் கோயில் வாசலில் ஒரு கூட்டம் போடுவார்கள். "நமக்குள் எதற்குப் போட்டி, ஏகமனதாகத் தேர்ந்தெடுப்போம்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். யாரை ஏகமனதாக? கோயிலுக்கு அதிகப் பணம் கட்டுகிறவரை! பதவியை ஏலம் விடும் இந்தக் கேவலம் எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. 2019 தேர்தலின்போது இது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஏலத்தில் லட்சக்கணக்கில் எடுத்தவன் அந்தப் பணத்தை எங்கிருந்து திருப்பி எடுப்பான்? உங்கள் தெருச் சாக்கடையிலிருந்தும் சுடுகாட்டுப் பாதையிலிருந்தும்தான். கோயிலுக்கு மண்டபம் வரும். சேரிக்குத் தண்ணீர்க் குழாய் வராது.

"போட்டி வேண்டாம்" என்று சொல்ல வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அப்படியானால் எங்கள் தெருவிலிருந்து ஒருவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கச் சம்மதமா?" வந்த வழியே திரும்பிப் போவார்.

வேலையை எங்கே தொடங்குவது?

முதல் வேலை வாக்காளர் பட்டியல். திருப்பூருக்கும் கோவைக்கும் மில் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் ஊர்ப் பட்டியலில் நீக்கப்பட்டிருக்கும். செத்துப் போன பண்ணையார் பெயர் பத்திரமாக இருக்கும். வார்டு எல்லையையும் பாருங்கள். சேரி ஓட்டை இரண்டு மூன்று வார்டுக்குப் பிரித்துப் போட்டால் எதிலும் நமக்குப் பெரும்பான்மை வராது. ஆட்சேபணை சொல்வதற்கென்று குறித்த நாட்கள் இருக்கும். அது கழிந்தபின் கத்திப் பயனில்லை.

கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்ட உறுப்பினர்களுக்குத்தான் கட்சிச் சின்னம். வார்டில் நமக்குப் பூட்டு சாவி வரலாம், சீப்பு வரலாம். ஆகவே கொடியைப் பார்த்து ஓட்டு வராது. மனிதரைப் பார்த்துத்தான் வரும். ஊரில் சாவு விழுந்தால் முதலில் போய் நிற்பவர், ரேஷன் கடையில் எடை குறைந்தால் தட்டிக் கேட்பவர், குடிக்காதவர் - அப்படிப்பட்டவரை வார்டுக்குத் தேடுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக யாரையும் நிறுத்தாதீர்கள்.

வயது இருபத்தொன்று நிறைந்திருந்தால் போதும். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டிபாசிட் 200 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கு 100. தலைவருக்கு 600, தாழ்த்தப்பட்டோருக்கு 300. வார்டுக்குச் செலவு வரம்பு 9,000 ரூபாய் வைத்தார்கள். பண்ணையார் கோஷ்டி ஒரு இரவில் பிரியாணிக்குச் செலவழிப்பது அதற்கு மேல் இருக்கும். அதை நம்மால் ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டவும் வேண்டாம். ஆனால் கணக்கு எழுதுங்கள். முடிவு அறிவித்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்காதவரை அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் செய்துவிடலாம். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் மில் தொழிலாளத் தோழர்கள் வர வேண்டும். யூனியனில் நோட்டீஸ் படித்து, மனு எழுதி, லேபர் ஆபீசில் வாதாடிப் பழகியவர்கள் நீங்கள். வேட்பு மனுவில் ஒரு காலம் விட்டுப்போனால் தள்ளுபடி. ஊரில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கோ அத்தைக்கோ அந்த மனுவைப் பூர்த்தி செய்து கொடுக்க இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள். ஓட்டு எண்ணிக்கைக்கும் வாருங்கள். 2020 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நடந்தது. இரவு ஷிப்டு பார்த்த கண்ணுக்குத்தான் அங்கே வேலை. நம் ஏஜெண்டு அயர்ந்த நேரத்தில் ஒரு கட்டு இடம் மாறினால் போச்சு. வார்டுத் தேர்தலில் ஒரே ஓட்டில் வெற்றி தோல்வி நிர்ணயமாவது உண்டு. சமமாக வந்தால் குலுக்கல்.

கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டு. 2019-இல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலு சீட்டில் எதில் எந்தச் சின்னம் என்று நம் கிழவிகளுக்குக் குழப்பம் வரும். செல்லாத ஓட்டு அதிகம் விழுவது நம் தெருவில்தான். வண்ணக் காகிதம் வாங்கி, வீட்டு வாசலில் வைத்துப் பழக்குங்கள். பேச்சாளரைக் கூட்டி வருவதைவிட இது பிரயோஜனம்.

தேர்தலே நடத்தாமல் காலம் கடத்துவதும் பழைய பழக்கம்தான். 1970-க்குப் பிறகு அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் 1986-இல், பதினாறு வருஷம்! 1991-இல் காலம் முடிந்தபின் மறுபடி ஐந்து வருஷ இடைவெளி. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் ரத்தாகி, 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து வருஷம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தும் இந்த நிலை. தனி அலுவலருக்கு ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

ஆனாலும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நான்கு நாள் என்றிருந்ததை, மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு நாளாக்கினார்கள். மே தினத்தில் கொடியேற்றி முடித்ததும் நேரே கிராம சபைக்குப் போங்கள். இரண்டும் நம் வேலைதான். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். ஆள் வராமலேயே வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக் கணக்குக் காட்டுகிறார்கள். அந்த நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு பேராகப் போய் உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு, எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு செலவு என்று கேளுங்கள். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பிருந்து இப்படிக் கேட்கிறவர் யாரோ, அவர்தான் உங்கள் வார்டு வேட்பாளர். தேடி அலைய வேண்டியதில்லை.

வாக்காளர் பட்டியல் நகல் இந்த மேஜை மேல் வார்டு வாரியாக இருக்கிறது. பஸ் வர இன்னும் அரைமணி இருக்கிறது. எழுத்துத் தெரிந்த தோழர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பெயர் விட்டுப் போனவர்கள் இந்தப் பக்கம் வரிசையாக நில்லுங்கள். மனு எழுதிக் கொடுக்க மில் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.